மாத்திரை ஒரு காவல், பரிசோதனை மறு காவல்
எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்களும் கருப்பைவாய் மாற்றங்களும்

ஏ.ஆர்.டி. மையத்திற்கு வந்து மருந்து வாங்கிச் செல்லும் சகோதரிகளிடம், "கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டீர்களா?" என்று வினவும்போது பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, டாக்டர். மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று போன முறை நீங்கள்தானே சொன்னீர்கள்?"

இவ்விடையில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அது முற்றிலும் நியாயமானது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு வைரஸை அடக்கி வைத்திருப்பது எளிய செயல் அன்று. ஆயினும், எச்.ஐ.வி. வைரஸை அடக்கும் மாத்திரை, கருப்பைவாயில் தங்கியிருக்கக்கூடிய வேறொரு வைரஸை நேரடியாகத் தாக்குவதில்லை. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளாமையால், பல ஆண்டுகள் ஒழுங்காகச் சிகிச்சை பெற்ற பெண்களும் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு நோய்க்கு ஆளாக நேரிடுகிறது. அந்நிலை நம் வாசகர் எவருக்கும் வரலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருப்பைவாயில் நிகழ்வது என்ன?

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புறுப்பின் உட்புறத்தில் வந்து முடியும் இடமே கருப்பைவாய். அதன் உட்புறத்தை ஒருவகை அணுக்களும் வெளிப்புறத்தை வேறொருவகை அணுக்களும் போர்த்தியிருக்கின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் வளையம் போன்ற பகுதியில், ஒருவகை அணுக்கள் மற்றொரு வகையாக மாறும் பணி இயல்பாகவே நடைபெற்றுக்கொண்டிருக்கும். ஆகவே அப்பகுதி தொற்றுக்கு எளிதில் இடங்கொடுக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயின் தொடக்கம் பெரும்பாலும் இவ்வளையத்தில்தான்.

அத்தொடக்கத்திற்குக் காரணமானது எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ். இதனைக் கண்டறிந்தமைக்காக ஜெர்மானிய அறிஞர் ஹெரால்டு சூர் ஹவுசன் 2008-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். எச்.பி.வி.யில் பல வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 என்னும் எண்களால் அழைக்கப்படும் இரண்டு வகைகளே உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்திற்குக் காரணமாகின்றன.

உடலுறவு வாழ்வில் ஈடுபட்ட பெண்களிலும் ஆண்களிலும் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரஸைப் பெறுகின்றனர். நோய் எதிர்ப்பாற்றல் நன்றாக இருப்போரில், ஓரிரு ஆண்டுகளுக்குள் உடலே அதனை வெளியேற்றிவிடும். வெளியேறாமல் நெடுங்காலம் தங்கிவிடும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாதவாறு தடுக்கும் இயற்கையான கட்டுப்பாட்டை அவ்வைரஸ் உருவாக்கும் புரதங்கள் செயலிழக்கச் செய்கின்றன. அணுக்களின் உருவமும் அடுக்கும் மெல்ல மாறுகின்றன. இம்மாற்றங்களையே "புற்றுநோய்க்கு முந்தைய நிலை" என்கிறோம். உங்கள் பரிசோதனை அறிக்கையில் சி.ஐ.என். 1, 2, 3 என்று காணப்படுவது இம்மாற்றத்தின் ஆழத்தைக் குறிக்கும். முதல் நிலை பெரும்பாலும் தானே மறைந்துவிடும். இரண்டாம், மூன்றாம் நிலைகளை அப்படியே விட்டுவிடலாகாது.

இந்நிலையில் வலி இராது, இரத்தப்போக்கு இராது, எவ்வித அறிகுறியும் தென்படாது. "ஒரு தொந்தரவும் இல்லை" என்னும் விடை எங்களுக்கு நிறைவு தராதது இதனால்தான்.

எச்.ஐ.வி. ஏன் இடரை மிகுவிக்கிறது?

எச்.ஐ.வி. நேரடியாகக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. அது சி.டி.4 எனப்படும் வெள்ளணுக்களை அழிக்கிறது. எந்தக் கிருமியை எப்போது எதிர்க்க வேண்டும் என்று உடலின் பிற காவல் அணுக்களுக்கு வழிகாட்டுபவை இந்த சி.டி.4 அணுக்களே. அவை குறையும்போது கருப்பைவாயில் நுழைந்த எச்.பி.வி. வெளியேற்றப்படாமல் தங்கிவிடுகிறது. ஒரே நேரத்தில் எச்.பி.வி.யின் பல வகைகள் தங்குவதும், அடங்கிக் கிடந்த பழைய தொற்று மீண்டும் தலைதூக்குவதும் எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன.

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு, தொற்று இல்லாத பெண்களைக் காட்டிலும் ஆறு மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ள பெண்ணிடம் இந்நோய் முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். எதிர்ப்பாற்றல் குன்றி, சிகிச்சையும் பெறாத பெண்ணிடம் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே அது முற்றிவிடக்கூடும். கால அவகாசம் குறைகிறது என்பதே இதன் பொருள். எனினும் ஐந்தாண்டு என்பதும் ஒரு பரிசோதனைக்குப் போதிய அவகாசமே.

யாருக்கு இடர் அதிகம்?

கீழ்க்கண்டவற்றுள் ஒன்றோ பலவோ உங்களுக்குப் பொருந்தினால் அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் மருத்துவரிடம் எதைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக இதனைக் கொள்ளுங்கள்.

முதலாவது, சி.டி.4 எண்ணிக்கை. அது 200-க்குக் கீழே உள்ளவர்களுக்கும், முன்பு எப்போதேனும் அவ்வாறு இறங்கியிருந்தவர்களுக்கும் இடர் மிகுதி. இங்கு "முன்பு" என்னும் சொல் முக்கியமானது. நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கியது. தொடக்கத்தில், சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கியவர்களுக்கோ நோய் முற்றியவர்களுக்கோதான் பெரும்பாலும் மருந்து வழங்கப்பட்டது. பின்னர் அவ்வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2017-ஆம் ஆண்டு முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் எண்ணிக்கை எதுவாயினும் சிகிச்சை என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஆகவே, நெடுங்காலமாக மருந்து உட்கொண்டுவரும் சகோதரிகளில் பலர், மருந்துக்கு முன் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய காலம் ஒன்றைக் கடந்து வந்தவர்களே. இன்று அவர்களது எண்ணிக்கை 600, 700 என்று உயர்ந்திருக்கலாம். அந்தப் பழைய காலத்தில் தங்கிய எச்.பி.வி. இன்னும் அங்கேயே இருக்கக்கூடும்.

இரண்டாவது, சிகிச்சையைத் தாமதமாகத் தொடங்குவதும் இடையில் நிறுத்துவதும். மருந்து முறையாகத் தொடரும்போது கருப்பைவாய் மாற்றங்கள் புதிதாகத் தோன்றுவது குறைகிறது என்றும், தோன்றியவை பின்வாங்கும் வாய்ப்பு கூடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரை எச்.பி.வி.யை நேரடியாகத் தாக்குவதில்லை என்று மேலே கூறியதை, மாத்திரையால் இதில் பயனில்லை என்று பொருள்கொள்ளலாகாது. எதிர்ப்பாற்றலை மீட்பதன் வாயிலாக அது பெரிதும் துணைநிற்கிறது. இடரை முற்றிலும் நீக்குவதில்லை, அவ்வளவே.

மூன்றாவது, புகையிலை. புகைக்கும் பெண்களின் கருப்பைவாய்ச் சளியில் நிகோட்டின் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. நம் பெண்களில் புகைப்போர் குறைவே. ஆயினும் வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் வழக்கம் பலரிடம் உண்டு. அது வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பதை யாவரும் அறிவர். எவ்வடிவிலும் புகையிலையை விடுவதே நன்று. வீட்டினுள் பீடி, சிகரெட் புகைப்பதை ஆண்களும் தவிர்க்க வேண்டும்.

நான்காவது, இளவயதில் மணமும் தாய்மையும். பருவமெய்திய தொடக்க ஆண்டுகளில், மேலே கூறிய வளையப்பகுதி வெளிப்புறமாக அமைந்திருப்பதால் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும். மிகுதியான மகப்பேறுகளும் இடரைச் சற்று உயர்த்துகின்றன. பதினாறு, பதினேழு வயதில் மணமுடித்து வைக்கப்பட்ட பெண்களுக்கு இது அவர்கள் தேர்ந்தெடுத்த இடர் அன்று என்பதைக் குடும்பத்தார் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, பிற பாலியல் தொற்றுகள். கிளமிடியா, பிறப்புறுப்பு ஹெர்பிஸ் போன்றவை கருப்பைவாயில் நீடித்த அழற்சியை உண்டாக்குகின்றன. வெள்ளைப்படுதலில் நாற்றமோ நிறமாற்றமோ அரிப்போ இருப்பின் கூச்சப்படாமல் கூறுங்கள். இருவருக்கும் சேர்த்துச் சிகிச்சை அளித்தால்தான் பயன் கிட்டும்.

ஆறாவது, கருத்தடை மாத்திரையை ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்வது. இதனால் இடர் ஓரளவு உயர்கிறது. நிறுத்திய பின் படிப்படியாகக் குறைகிறது. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எதிர்பாராத கருத்தரிப்பு வேறு சிக்கல்களைத் தரும். மாற்றுவழி குறித்து மகப்பேறு மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

ஏழாவது, முன்பு ஒருமுறை மாற்றம் கண்டறியப்பட்டு அகற்றப்பட்டிருத்தல். எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் அது திரும்பத் தோன்றும் வாய்ப்பு கூடுதல். சிகிச்சை முடிந்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணி, மறுபரிசோதனையைத் தவறவிடலாகாது.

இறுதியாக, எல்லாவற்றினும் பெரிய இடர்க்காரணி ஒன்று உண்டு. அது ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளாமல் இருப்பது. மேலே கண்டவற்றுள் கடந்தகாலத்தைச் சேர்ந்தவற்றை இனி எவராலும் மாற்ற இயலாது. இதனை இவ்வாரமே மாற்றலாம்.

எப்போது, எவ்வகைப் பரிசோதனை?

பொதுவாகப் பெண்கள் 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கலாம் என்று பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. எச்.பி.வி. மரபணுப் பரிசோதனை எனில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அவ்வசதி இல்லாத இடங்களில் பிற பரிசோதனைகள் எனில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செய்துகொள்ள வேண்டும். உங்கள் சி.டி.4 எண்ணிக்கையையும் முந்தைய முடிவுகளையும் கருதி, மருத்துவர் இதனினும் குறைந்த இடைவெளியில் வரச் சொல்லலாம்.

எச்.பி.வி. பரிசோதனையில், சிறு தூரிகையால் சளி மாதிரி எடுக்கப்பட்டு வைரஸ் உள்ளதா என்று ஆராயப்படுகிறது. பாப் ஸ்மியர் பரிசோதனையில், கருப்பைவாயிலிருந்து மென்மையாக வழித்தெடுத்த அணுக்கள் நுண்ணோக்கியில் பார்க்கப்படுகின்றன. வி.ஐ.ஏ. எனப்படும் முறையில், நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவப்பட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கருப்பைவாய் கண்ணால் நோக்கப்படும். மாற்றமடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். மூன்றுமே சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்தோ ஊசியோ தேவையில்லை. சற்று அசௌகரியம் இருக்கலாம்.

பரிசோதனைக்கு மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் உடலுறவையும் பிறப்புறுப்பினுள் வைக்கும் மருந்துகளையும் தவிருங்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ பரிசோதிக்க வேண்டும் என்று விரும்பினால் தயங்காமல் கேளுங்கள்.

முடிவில் ஐயம் இருப்பின், கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, தேவையானால் சிறு சதைத்துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். மாற்றம் உறுதியானால், வெப்பத்தாலோ கடுங்குளிராலோ அப்பகுதியை அழிக்கலாம். அல்லது மின்கம்பி வளையத்தால் அப்பகுதியை மட்டும் அகற்றலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கருப்பை அப்படியே இருக்கும். அதன் பின் சில வாரங்கள் நீர் போன்ற கசிவு இருக்கும். புண் ஆறும்வரை, குறைந்தது ஒரு மாதம், உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இதற்குக் கணவரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. ஓராண்டு கழித்து மறுபரிசோதனை கட்டாயம்.

பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே வர வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: உடலுறவுக்குப் பின் இரத்தக்கசிவு, இரு மாதவிலக்குகளுக்கு இடையே இரத்தப்போக்கு, மாதவிலக்கு முற்றிலும் நின்ற பின் இரத்தம் படுதல், நீடித்த துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் தொடர்ந்த வலி.

அடிக்கடி எழும் ஐயங்கள்

எச்.பி.வி. இருப்பதாக முடிவு வந்தால் எனக்குப் புற்றுநோய் என்று பொருளா?
இல்லை. வைரஸ் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது அணுக்களை மாற்றியிருக்கிறதா என்பதை அடுத்த பரிசோதனைதான் கூறும். மாற்றம் எதுவும் இல்லையெனினும், எச்.ஐ.வி. உள்ள பெண்கள் ஓராண்டில் மீண்டும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இத்தொற்று இப்போது யாரிடமிருந்து வந்தது?
இவ்வினா பல இல்லங்களில் பூசலை மூட்டியிருக்கிறது. எச்.பி.வி. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் குறையும்போது வெளிப்படலாம். எப்போது, எவரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் கூற இயலாது. எனவே, இம்முடிவைக் கொண்டு மனைவியையோ கணவரையோ ஐயுறுவதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

பிறவியிலேயே தொற்று பெற்ற என் மகளுக்குத் தடுப்பூசி போடலாமா?
போடலாம்; போட வேண்டும். எச்.பி.வி. தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகவே எச்.ஐ.வி. உள்ளோருக்கும் அது பாதுகாப்பானது. 9 முதல் 14 வயதுக்குள், உடலுறவு வாழ்வு தொடங்குமுன் போடுவதே மிகுந்த பயன் தரும். எச்.ஐ.வி. உள்ளோருக்குக் குறைந்தது இரண்டு தவணைகள், இயன்றால் மூன்று தவணைகள் தேவை. இந்தியாவிலேயே தயாரிக்கப்படும் செர்வாவாக் தடுப்பூசிக்கு 2022-ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே உள்ள தொற்றைத் தடுப்பூசி குணப்படுத்தாது. ஆகவே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் உரிய வயதில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. இனியும் தேவையா?
50 வயதுக்குப் பின், தொடர்ந்து இருமுறை இயல்பான முடிவு வந்திருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஒருமுறையும் செய்துகொள்ளாதவர்களுக்குக் கட்டாயம் தேவை. இவ்வயதில் வளையப்பகுதி உள்ளே சென்றுவிடுவதால் வி.ஐ.ஏ. முறை பொருந்தாது, பிற முறைகளைக் கையாள வேண்டும்.

கருப்பையை அகற்றிவிட்டார்கள். நானும் வர வேண்டுமா?
கருப்பைவாயும் சேர்த்து அகற்றப்பட்டதா, எந்தக் காரணத்திற்காக அகற்றப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. அறுவை சிகிச்சை ஆவணத்தை எடுத்து வந்து காட்டுங்கள்.

மகளிர் மருத்துவப் பிரிவில் என் தொற்றைப் பற்றிக் கூற அச்சமாக இருக்கிறது.
அவ்வச்சத்தை நாங்கள் அறிவோம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடைசெய்கிறது. உங்கள் ஒப்புதலின்றி உங்கள் நிலையை வெளியிடுவதையும் பொதுவாக அது தடைசெய்கிறது. நீங்கள் விரும்பினால், ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரை உடன் அழைத்துச் செல்லலாம். 1097 என்னும் தேசிய இலவச உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

கருப்பைவாயில் மாற்றம் கண்டறியப்படுவது ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று. கணவர் ஒருவரையன்றி வேறெவரையும் அறியாத பெண்களிடமும் இது காணப்படுகிறது. மாமியாரோ, அண்ணியோ, மகனோ, கணவரோ, வீட்டில் எவராயினும் கேட்க வேண்டிய வினா ஒன்றே: "அடுத்த பரிசோதனை எப்போது? நான் துணைக்கு வரட்டுமா?" வீட்டு வேலையும் பேருந்துச் செலவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையுமே பலரைத் தடுத்து நிறுத்துகின்றன. அவற்றுள் ஒன்றை நீங்கள் ஏற்றுக்கொண்டாலே அவருடைய பாதி வழி எளிதாகிவிடும்.

அன்புச் சகோதரிகளே, அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது உங்கள் சிகிச்சைக் குறிப்பேட்டைத் திறந்து மூன்று செய்திகள் உள்ளனவா என்று பாருங்கள்: இதுவரை பதிவான மிகக் குறைந்த சி.டி.4 எண்ணிக்கை, கடைசியாகக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்த நாளும் அதன் முடிவும், அடுத்த பரிசோதனைக்குரிய நாள். இரண்டாவது இடம் வெற்றாக இருப்பின், மருந்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புமுன் எங்களிடம் கூறுங்கள். இத்தனை ஆண்டுகள் ஒரு வைரஸை மனவுறுதியோடு அடக்கி வைத்திருக்கிறீர்கள். மற்றொன்றுக்கு நீங்கள் ஒதுக்க வேண்டியது சில நிமிடங்களே.